தலைமையாசிரியருக்குச் சட்டம் கற்பிப்பது எப்படி? – தீவுகளிலிருந்து ஒரு பார்வை

பள்ளிக்கூடம் என்றதும் நமக்குப் பாடமும் பரீட்சையும் மதிப்பெண்ணும்தான் நினைவுக்கு வருகின்றன. சட்டம் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த பிறகு, தலைமையாசிரியரின் அன்றாட முடிவுகள் பலவற்றுக்குப் பின்னால் ஏதாவது ஒரு சட்டப் பிரிவு நிற்கிறது. பிள்ளையைச் சேர்ப்பதா, எந்த வகுப்பில் உட்கார வைப்பது, தேர்ச்சி பெறாதவனை என்ன செய்வது, அடித்த ஆசிரியர் மீது என்ன நடவடிக்கை எடுப்பது என எல்லாமே இன்று சட்டக் கேள்விகள். அந்தச் சட்டத்தைத் தலைமையாசிரியர்கள் எப்படிக் கற்றுக்கொள்ள வேண்டும், அதில் தீவு வாழ் தமிழ்க் குடும்பங்களுக்கு என்ன அக்கறை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் நம் தீவுகளின் நிலையைச் சொல்லிவிட வேண்டும். அந்தமான் நிக்கோபார் சட்டமன்றம் இல்லாத யூனியன் பிரதேசம். ஆகவே கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கில் நமக்கு உரிய அரசு மத்திய அரசுதான். 2010-இல் மத்திய அரசு வகுத்த விதிகளே இங்கு நேரடியாகப் பொருந்தும். தமிழ்நாடு தனக்கென வகுத்துக்கொண்ட விதிகள் இங்கு செல்லாது. இது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இத்தீவுகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். நம்மவர்களுக்குச் செய்தி வருவதோ தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியிலிருந்தும், ராமநாதபுரத்திலும் மதுரையிலும் இருக்கும் சொந்தக்காரர்களின் தொலைபேசியிலிருந்தும். "அங்க அப்படியில்லையே" என்று பள்ளி வாசலில் நின்று வாதாடும் பெற்றோரை எந்தத் தீவிலும் பார்க்கலாம். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் தலைமையாசிரியர்.

இரண்டாவது, தூரம். போர்ட் பிளேரில் இருக்கும் பள்ளித் தலைவர் சந்தேகம் வந்தால் கல்வித் துறை அலுவலகத்துக்கு நடந்தே போய்க் கேட்டுவிடலாம். (2024 செப்டம்பரில் நகரத்துக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றப்பட்டது, நம் பேச்சில் இன்னும் போர்ட் பிளேர்தான்.) டிக்லிப்பூரிலோ ஹட்பேயிலோ கட்சலிலோ காம்பெல் பேயிலோ இருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி இணையக் கம்பி வந்த பிறகு தொடர்பு எவ்வளவோ சீர்பட்டிருக்கிறது. இருந்தாலும், ஒரு தாய் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு எதிரில் நிற்கும்போது சுற்றறிக்கை வரும்வரை அவளை நிற்க வைக்க முடியாது. அந்தப் பத்து நிமிடத்தில் தலைமையாசிரியர் என்ன சொல்கிறாரோ, அந்தத் தாயைப் பொறுத்தவரை அதுதான் சட்டம்.

இந்தப் பத்து நிமிடத்துக்கு வழக்கமான பயிற்சி வகுப்பு உதவுவதில்லை. ஒரு வழக்கறிஞரோ அதிகாரியோ வந்து, பிரிவு 3 இதைச் சொல்கிறது, பிரிவு 12 அதைச் சொல்கிறது என்று படம் போட்டு வாசித்துவிட்டுப் போவார். தேநீர் வரும், சான்றிதழும் வரும். மறுவாரம் நினைவில் நிற்பது ஒன்றிரண்டு எண்கள் மட்டுமே. சட்டப் புத்தகம் பிரிவு வரிசையில் அடுக்கப்பட்டிருக்கிறது. வாழ்க்கை அப்படி வருவதில்லை. ஒரே தாயின் ஒரே வேண்டுகோளில் நான்கைந்து பிரிவுகள் கலந்து வரும்.

இதற்கு மாற்றாகச் சம்பவங்களை வைத்துக் கற்பிக்கும் முறை பழையதுதான். சட்டக் கல்லூரியில் வழக்குகளை வைத்தே சட்டம் கற்பிப்பதை ஹார்வர்டில் லாங்டெல் என்ற பேராசிரியர் 1870-இல் தொடங்கினார். பள்ளித் தலைவர்களுக்கு இதை நெருக்கமாகக் கொண்டு வந்தது வேறொரு முயற்சி. அமெரிக்காவில் ஹெம்ப்ஹில், கிரிஃபித்ஸ், ஃப்ரெடரிக்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 'விட்மன் பள்ளி' என்று ஒரு கற்பனைப் பள்ளியை உருவாக்கினார்கள். 232 தொடக்கப் பள்ளித் தலைவர்களிடம் அந்தப் பள்ளியின் தபால் தட்டைக் கொடுத்து, "நீங்கள்தான் இனி இங்கே தலைவர், இந்தக் கடிதங்களுக்கு ஆக வேண்டியதைச் செய்யுங்கள்" என்றார்கள். ஆய்வு 1962-இல் நூலாக வந்தது. கடிதத்தைப் படித்த கையோடு முடிவு எழுதுகிறவர்கள் ஒரு பக்கம், முதலில் விவரம் விசாரித்துத் தயார் செய்துகொள்கிறவர்கள் மறு பக்கம் என்ற வேறுபாடு அதில் தெளிவாகத் தெரிந்தது. நம் ஊர்த் தலைமையாசிரியர்களிடமும் இந்த இரு வகையினர் உண்டு என்பது வாசகர்களுக்குத் தெரியும். சட்டம் சில இடங்களில் முதல் வகையையும் சில இடங்களில் இரண்டாம் வகையையும் கேட்கிறது. எங்கே எது என்று பிரித்தறிவதே பயிற்சி.

இந்தியாவில் 2012-இல் தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனத்தில் பள்ளித் தலைமைக்கென்று தனி மையம் ஏற்பட்டது. 2019-இல் நிஷ்டா திட்டம் வந்தது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியர்களைப் போலவே பள்ளித் தலைவர்களுக்கும் ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது. ஆக நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த 50 மணியில் பத்து மணியையாவது சம்பவங்களுக்குக் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதை நம் தீவுச் சூழலுக்கேற்ற சில கற்பனைச் சம்பவங்களால் காட்டுகிறேன்.

கப்பலில் வந்த பையன்

ஐந்து தலைமையாசிரியர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒரு தாள் கொடுக்கப்படுகிறது. அக்டோபர் மாதம். ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து கட்டட வேலைக்காக ஒரு குடும்பம் ஹட்டோ துறையில் வந்து இறங்குகிறது. பையனுக்குப் பத்து வயது. பிறப்புச் சான்றிதழ் இல்லை. டி.சி. என்று நாம் சொல்லும் மாற்றுச் சான்றிதழும் இல்லை. ஒருவர் தாயாக நடிக்கிறார்; இன்னொருவர் தலைமையாசிரியர்.

"சார், ஊர்ல டி.சி. கேட்டோம். வருஷக் கடைசியில வந்து வாங்கிக்கோங்கன்னுட்டாங்க. பையன் ஒரு மாசமா சும்மா இருக்கான்."

"டி.சி. இல்லாம எப்படிம்மா சேர்க்கிறது? நாளைக்கு ஆடிட்ல என்னைத்தானே கேப்பாங்க. அதோட அட்மிஷன் முடிஞ்சு எவ்வளவு நாளாச்சு!"

இந்த உரையாடல் பத்து நிமிடம் நடக்கட்டும். பிறகு, 'நீங்கள் என்ன செய்வீர்கள், யாரிடம் கேட்பீர்கள், எந்தப் பதிவேட்டில் என்ன எழுதுவீர்கள்' என்று ஒவ்வொருவரும் எழுதித் தர வேண்டும். அதன் பிறகுதான் சட்டப் புத்தகம் திறக்கப்படும். வரிசை முக்கியம். முடிவெடுத்த பிறகு சட்டத்தைப் பார்க்கும்போதுதான், "நான் இப்படிச் சொல்லிவிட்டேனே" என்ற உறுத்தலோடு அது மனத்தில் பதிகிறது.

புத்தகம் சொல்வது இது. பிரிவு 5-இன்படி, மாறிப் போகும் குழந்தைக்குப் பழைய பள்ளியின் தலைமையாசிரியர் உடனடியாக மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும். தாமதித்தால் பணி விதிகளின்படி அவர் மீதே ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளவோ மறுக்கவோ கூடாது. இந்த இட மாற்ற உரிமை அரசுப் பள்ளிகளுக்கும் உதவி பெறும் பள்ளிகளுக்கும் பொருந்தும். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது பிரிவு 14. மருத்துவமனைப் பதிவு, அங்கன்வாடிப் பதிவு, அதுவும் இல்லாவிட்டால் பெற்றோரின் உறுதிமொழி போதும் என்று விதி வழி காட்டுகிறது. 'அட்மிஷன் முடிந்துவிட்டது' என்பதற்குப் பதில் பிரிவு 15-இல் இருக்கிறது. கல்வியாண்டு தொடங்கி ஆறு மாதம் வரை சேர்க்கைக் காலம். இங்கே ஏப்ரலில் தொடங்கினால் செப்டம்பரோடு அது முடிகிறது. ஆனால் அதற்குப் பிறகு வருபவனையும் திருப்பி அனுப்ப முடியாது. சேர்த்துக்கொண்டு, சிறப்புப் பயிற்சி கொடுத்துப் படிப்பை முடிக்க உதவ வேண்டும். பையன் நடுவில் இரண்டு வருடம் பள்ளிக்கே போகாதவனாக இருந்தாலும், பிரிவு 4-இன்படி வயதுக்கேற்ற வகுப்பில்தான் உட்கார வைக்க வேண்டும்.

இப்போது கணினியும் சேர்ந்துகொண்டது. யூடைஸ் பிளஸ் பதிவில் பழைய பள்ளி பையனை விடுவிக்காவிட்டால் புதிய பள்ளியில் அவன் பெயரை ஏற்றுவது சிக்கலாகிறது. கணினி மறுக்கிறது என்பது சட்டத்தில் ஒரு காரணமே இல்லை. பையன் வகுப்பில் உட்காரட்டும். பதிவுக்கான கடிதப் போக்குவரத்து பின்னால் நடக்கட்டும். அந்தக் கடிதத்தையும் பயிற்சியிலேயே எழுத வைக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிக்குப் பிரிவு 5-ஐக் குறிப்பிட்டு மரியாதையாக நான்கு வரி எழுதத் தெரிந்த தலைமையாசிரியர் அந்தக் குடும்பத்துக்கு ஒரு கப்பல் பயணச் செலவையே மிச்சம் பிடித்துக் கொடுக்கிறார்.

பிறகு பயிற்றுநர் ஒரே ஒரு விவரத்தை மாற்றுவார். பையன் ஒன்பதாம் வகுப்பு, வயது பதினைந்து. சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை, எட்டாம் வகுப்பு முடியத்தான். இனி சி.பி.எஸ்.இ. விதிகளும் துறை உத்தரவுகளும் பேசும், டி.சி. உண்மையிலேயே தேவைப்படும். சட்டம் எதுவரை கூட வரும், எங்கே இறக்கிவிடும் என்று இந்த ஒரு மாற்றத்தில் புரிந்துவிடுகிறது. சொற்பொழிவில் இது புரிய நான் கண்டதில்லை.

தாள்கள் இல்லாத குழந்தை என்பது இத்தீவுகளுக்குக் கற்பனையும் அல்ல. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கட்சலும் கார் நிக்கோபாரும் பட்ட பாடு நமக்குத் தெரியும். கட்சல் ரப்பர் தோட்டத்தில் 1970-களில் குடியமர்த்தப்பட்ட இலங்கைத் தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்களும் அதில் அடங்கும். ஓர் அலை வந்து போனால் ரேஷன் அட்டையும் சான்றிதழும் எப்படிக் காணாமல் போகும் என்று நம்மவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் வகுப்பில் நிறுத்தலாமா?

இது தமிழ்ப் பெற்றோர் இப்போது மிகவும் குழம்பும் இடம். 2009 சட்டம் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. 2019 திருத்தம் ஐந்திலும் எட்டிலும் நிறுத்தி வைக்க இடம் கொடுத்தது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் விதிகளைத் திருத்தியது. மத்திய விதிகள் நம்மை நேரடியாகக் கட்டுப்படுத்துவதால் அது இங்கே பொருந்தும். தமிழ்நாடோ எட்டாம் வகுப்பு வரை அனைவருக்கும் தேர்ச்சி என்ற தன் நிலையைத் தொடர்வதாக அப்போதே அறிவித்துவிட்டது. அண்ணன் மகன் மானாமதுரையில் தேர்ச்சி, தம்பி மகன் ரங்கத்தில் தேர்ச்சியில்லை என்றால் வீட்டில் கேள்வி வரத்தானே செய்யும்!

சம்பவத் தாளில் தலைமையாசிரியர் தந்தையிடம் சொல்கிறார்: "பையன் ஃபெயில். இங்க வெச்சிருந்தா ரெண்டாவது வருஷமும் இதே கதைதான். பேசாம டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்க." இந்த மூன்று வாக்கியத்தில் எத்தனை தவறு என்று குழு கண்டுபிடிக்க வேண்டும். முதல் தேர்வில் தவறினால் கூடுதலாகக் கற்பித்து, முடிவு வந்த இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு வைக்க வேண்டும். அதிலும் தவறினால்தான் நிறுத்தலாம். நிறுத்தினாலும் தொடக்கக் கல்வி முடியும்வரை பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. பலரும் கவனிக்காதது இன்னொன்று: நிறுத்தப்பட்ட பிள்ளைகளின் பட்டியலைப் பள்ளித் தலைவரே வைத்திருந்து, அவர்களுக்கு என்ன கூடுதல் உதவி நடக்கிறது என்று நேரடியாகக் கண்காணிக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. 'ஃபெயில் போடும் அதிகாரம் வந்துவிட்டது' என்று மகிழ்ந்தவர்கள், கூடவே வந்த இந்த வேலையையும் படித்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை மூன்றரை மணி

மிகவும் கடினமான சம்பவம் இது. ஏழாம் வகுப்புச் சிறுமி, பள்ளியில் வேலை செய்யும் ஒருவர் தன்னிடம் தவறாக நடந்துகொண்டதாக ஓர் ஆசிரியையிடம் அழுதுகொண்டே சொல்கிறாள். ஆசிரியை தலைமையாசிரியரிடம் வருகிறார். சின்னத் தீவு. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். குற்றம் சாட்டப்பட்டவரும் சிறுமியின் தந்தையும் ஒரே கோயில் கமிட்டியில் இருப்பவர்கள்.

எழுதச் சொன்னால் நல்லெண்ணம் உள்ள தலைமையாசிரியர்களும் பெரும்பாலும் என்ன எழுதுவார்கள் என்று ஊகிக்கலாம். 'முதலில் உண்மையா என்று விசாரிப்பேன்', 'இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவேன்', 'திங்கட்கிழமை மேலிடத்தில் கேட்டுச் செய்வேன்'. மூன்றும் பொறுப்பான பேச்சு போலவே இருக்கின்றன. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் முன் மூன்றுமே தவறு. குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது பிரிவு 19. விசாரித்து உண்மை காண்பது பள்ளியின் வேலை அல்ல. தெரிவிக்காதவருக்குப் பிரிவு 21-இன்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். தனக்குக் கீழ் பணிபுரிபவர் செய்ததை மறைத்த நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது வழக்கு வராது என்றும் சட்டம் பாதுகாக்கிறது.

'24 மணி நேரம் இருக்கிறதே' என்று சிலர் சொல்லக் கேட்கலாம். அது காவல் துறைக்குச் சொன்ன கணக்கு; குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் அவர்கள் தெரிவிக்க வேண்டிய கெடு. பள்ளிக்கு அப்படியொரு அவகாசம் எழுதப்படவில்லை. வெள்ளி மாலை என்றால் வெள்ளி மாலைதான்.

இங்கே நம் சமூகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. ஊர் விட்டு ஊர் வந்து ஒற்றுமையாக வாழும் கூட்டத்தில், "நம்ம ஆளுங்கதானே, பேசி முடிச்சுடலாம்" என்று பெரியவர்கள் வந்து நிற்பது இயல்பு. நிலத் தகராறில் அது நல்ல வழி. இதில் அல்ல. ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மீதான வழக்கு, மாணவியின் தந்தையோடு சமரசம் ஆகிவிட்டது என்பதால் உயர் நீதிமன்றத்தில் ரத்தானது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தைத் தள்ளுபடி செய்து வழக்கை மீண்டும் உயிர்ப்பித்தது. அதற்கு முன் 2022-இல் மகாராஷ்டிரப் பள்ளி விடுதி வழக்கு ஒன்றில், குழந்தைகளிடமிருந்து விஷயம் தெரிந்தும் தெரிவிக்காத மருத்துவர் மீதான வழக்கு தொடர வேண்டும் என்றது. சமரசத்துக்கு வரும் பெரியவராகவும் பயிற்சியில் ஒருவர் நடிக்க வேண்டும். அவரிடம் மரியாதை குறையாமல் "ஐயா, இதுல நான் உங்க பேச்சைக் கேக்க முடியாது" என்று சொல்லிப் பழக வேண்டும். அது பேச்சுப் பயிற்சியும்கூட. தாளில் சரியான விடை எழுதியவர்கள் இந்த இடத்தில் நாக்கு எழாமல் நிற்பார்கள்.

சிறுமியின் பெயர் வெளியே போகாமல் காப்பது இன்னும் பெரிய பாடு. பெயரைச் சொல்லாவிட்டாலும், 'ஏழாம் வகுப்பு, இன்ன தெரு' என்றாலே சின்னத் தீவில் பெயர் சொன்ன மாதிரிதான். பணியாளர் கூட்டத்தில் என்ன சொல்வது, வருகைப் பதிவில் அவள் விடுப்பை எப்படிக் குறிப்பது என்பதையெல்லாம் அங்கேயே பேசிப் பார்க்க வேண்டும்.

மற்றவை விரைவாக. அடிக்கும் ஆசிரியர் பற்றிப் பிரிவு 17 தெளிவானது. உடல் தண்டனையும் மன உளைச்சல் தருவதும் இரண்டுமே தடை. ஆசிரியரைத் தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் தவிர வேறு வேலைக்கு அனுப்பக் கூடாது என்பது பிரிவு 27. கட்டடப் பாதுகாப்புக்குக் கும்பகோணத்தை விட வேறு சம்பவம் தேவையில்லை. 2004 ஜூலை 16 அன்று கூரை வேய்ந்த வகுப்பறைகளில் 94 குழந்தைகளைத் தீ கொண்டுபோனது. அதையொட்டித் தொடுக்கப்பட்ட வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம், கல்வி பெறும் உரிமையில் பாதுகாப்பான பள்ளி பெறும் உரிமையும் அடக்கம் என்றது. தீயணைப்புக் கருவிகள் இருந்தால் போதாது, ஆசிரியர்களுக்கு அவற்றைப் பயன்படுத்தத் தெரிய வேண்டும் என்றும் சொன்னது. 'உங்கள் பள்ளியில் கருவி எங்கே மாட்டியிருக்கிறது, கடைசியாக நிரப்பியது எப்போது' என்று கேட்டாலே அரை மணி நேரப் பயிற்சி ஆகிவிடும்.

தமிழ் வகுப்பில் எட்டுப் பேர்

நம் சங்கங்கள் நேரடியாக அக்கறை கொள்ள வேண்டிய சம்பவம் இது. ஒரு பள்ளியில் தமிழ்வழி மூன்றாம் வகுப்பில் எட்டுப் பிள்ளைகள்தான். ஆசிரியர் ஓய்வு பெறுகிறார். எட்டுப் பேரையும் இந்தி வழி வகுப்பில் சேர்த்துவிடலாம் என்று தலைமையாசிரியர் நினைக்கிறார். பெற்றோர் திரண்டு வருகிறார்கள்.

சட்டம் இங்கே மென்மையாகப் பேசுகிறது. 1956-இல் சேர்க்கப்பட்ட அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு, சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்குப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது. கல்வி உரிமைச் சட்டப் பிரிவு 29, பயிற்றுமொழி 'இயன்றவரை' தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. 'முயல வேண்டும்', 'இயன்றவரை' என்ற சொற்களைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கவும் முடியும், போராடவும் முடியும். 1949-இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஒரு கணக்குச் சொன்னது: வகுப்பில் பத்துப் பேர் அல்லது பள்ளி முழுவதும் சேர்த்து நாற்பது பேர் இருந்தால் தாய்மொழி ஆசிரியர் வேண்டும். வகுப்பில் எட்டுப் பேர் என்றதும் கதை முடிந்தது என்று நினைக்கும் தலைமையாசிரியரிடம் பயிற்றுநர் கேட்பார்: "பள்ளி முழுக்க எத்தனை பேர்?" ஐம்பத்திரண்டு. ஆக, பெற்றோரின் கோரிக்கைக்கு ஒரு பிடிமானம் கிடைக்கிறது. தலைமையாசிரியர் தாமாக வகுப்பை மூடுவதும் கூடாது. தாமாக ஆசிரியரை நியமிக்கவும் முடியாது. பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டி, எண்ணிக்கையோடு தீர்மானம் எழுதி, துறைக்கு அனுப்ப வேண்டும். அரசுப் பள்ளிகளில் இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 21. குழு இருக்கிறது என்பதும் கூடுகிறது என்பதும் வெவ்வேறு என்று பெற்றோருக்கே தெரியும்.

இம்முறையில் குறையும் உண்டு. வழக்கறிஞர் மட்டும் நடத்தினால் தலைமையாசிரியர்கள் பயந்துபோய், எல்லாவற்றுக்கும் கையெழுத்து வாங்கித் தங்களைக் காத்துக்கொள்ளப் பழகிவிடுவார்கள். ஆசிரியரே நடத்தினால் "நடைமுறையில இப்படித்தான் சார்" என்று பழக்கமே சட்டமாகிவிடும். இருவரும் சேர்ந்து உட்கார வேண்டும். போர்ட் பிளேரில் மாநிலக் கல்வி நிறுவனம் இருக்கிறது. கராச்சரமாவில் மாவட்ட ஆசிரியர் கல்விப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. சட்டப் பணிகள் ஆணையத்தில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். இவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்கப் பெரிய செலவில்லை. சம்பவத் தாள்களை மட்டும் டெல்லியில் எழுதி அனுப்பக் கூடாது. டெல்லிச் சம்பவத்தில் கப்பல் வராது.

தாயாகவும் தந்தையாகவும் தலைமையாசிரியர்களே நடிப்பதில் ஒரு போதாமை இருக்கிறது. அவர்கள் சீக்கிரம் சமாதானமாகிவிடுகிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவிலுள்ள பெற்றோர் இரண்டு பேரைக் கூப்பிட்டு அந்தப் பாத்திரத்தைக் கொடுத்தால் உரையாடல் வேறு மாதிரி போகும். டி.சி. சம்பவத்தை நடத்த ஒரு கூடமும் பத்து நாற்காலியும் ஒரு சட்டப் பிரதியும் போதும். சங்கத்தின் கூடம் ஞாயிறு காலைகளில் பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது.